ஏழுவரியாமையும் கலத்தியா விரிகுடாவும்

பெங்களூர் மல்லேஸ்வரத்திற்குக் கடல் அண்மையில் இல்லை. எனினும், அதனை அடுத்துள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், கடலாமைகளின் நெடும்பயணத்தைத் துணைக்கோளின் வாயிலாக ஆராய்ந்துள்ளனர். 2011 முதல் 2014 வரை, சிற்றந்தமான் தீவில் முட்டையிட வந்த 10 ஆமைகளின்மீது சைகை அனுப்பும் கருவிகள் பொருத்தப்பெற்றன. சில ஆஸ்திரேலியாவை நோக்கியும், சில ஆப்பிரிக்காவை நோக்கியும் சென்றன. ஒன்று 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியது.

இவை ஏழுவரியாமைகள். இன்று வாழும் ஆமைகளுள் மிகப் பெரியவை இவையே. கடினமான ஓட்டிற்குப் பதிலாகத் தோல் போர்த்த முதுகும், அதில் நீளவாக்கில் ஏழு வரிகளும் உடையவை. மாகடல்களைக் கடந்து திரியினும், முட்டையிடுவதற்குத் திறந்த மணற்கரையையே நாடுகின்றன.

அத்தகைய கரைகளுள் ஒன்று பெரிய நிகோபாரின் கலத்தியா விரிகுடா. 1997-இல் இது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. ஆயினும், காலப்போக்கில் மணல் மீண்டும் படிந்தது. ஆமைகளும் திரும்பி வந்தன.

சட்டப் பாதுகாப்போ அவ்வாறு தானே மீள்வதன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்தின் எல்லையை மாற்றுவதற்குத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். 2021 ஜனவரியில், சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்கும் பொருட்டு, வாரியத்தின் நிலைக்குழு கலத்தியாவின் சரணாலய நிலையை நீக்க இசைந்தது. அதே மாதத்தில் வெளியான தேசியக் கடலாமைச் செயல்திட்டமோ, இவ்விரிகுடாவை ஆமைகளின் முக்கிய வாழிடங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

2022-இல் சிறிய நிகோபாரில் ஏழுவரியாமைக்கெனத் தனிச் சரணாலயம் அமைக்கப்பட்டது. அது நன்றே. ஆனால், ஒரு கரைக்கு மற்றொன்று ஈடாகுமா என்பதை ஆணை தீர்மானிப்பதில்லை. மணலின் சரிவும், ஈரமும், இருளும் தீர்மானிக்கின்றன. அலைதடுப்புச் சுவர்கள் மணலின் போக்கை மாற்றுகின்றன. மின்விளக்கின் ஒளி, கடலை நோக்க வேண்டிய குஞ்சுகளை நிலத்தின் பக்கம் ஈர்க்கின்றது.

சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏழுவரியாமை இன்றும் இடம்பெற்றுள்ளது. அதனைக் கொல்வது குற்றமே. ஆயினும், விலங்கைக் காத்து, அது முட்டையிடும் நிலத்தைக் கைவிட்டால் அப்பாதுகாப்பு அரைகுறையாகும். ஆசிரியர் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். களப்பணியாளர் தம் கரையின் கூடுகளை ஆண்டுதோறும் எண்ணிக் குறித்து வைத்தல் வேண்டும். எல்லையை மாற்றும் கோரிக்கை எழும் நாளில், அக்கரையின் சார்பில் சான்று கூறக்கூடியது அக்குறிப்பேடே.