அனுப்பியாச்சு, போய்ச் சேர்ந்ததா?

2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்துவந்த ஊர்க்காரர் ஒருவர், சுமத்ரா பக்கம் நடந்த நிலநடுக்கத்தையும் சுனாமியையும் தெரிந்துகொண்டு வீட்டாரை எச்சரித்தார். கேட்டவர்கள் தெருத்தெருவாக ஓடவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் அமைத்திருந்த அறிவு மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 3,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர். படகுகளும் வீடுகளும் போயின, உயிர்கள் தப்பின.

நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தும் சென்னைக் கரையோரக் குப்பங்களுக்கு முறையான எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். இன்று கடல் கொந்தளிப்பு, பலத்த காற்று, மீன் கிடைக்கக்கூடிய இடம் எல்லாமே அங்கே கணக்கிடப்பட்டு மீனவர்களின் போன்வரை வருகின்றன. சென்னைத் தரமணியில் இருக்கும் அதே சுவாமிநாதன் நிறுவனம், இன்காய்ஸ் தரவுகளைக் கொண்டு 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்றொரு செயலியையும் உருவாக்கியிருக்கிறது.

தரமணிக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் கொட்டிவாக்கம். அதன் ஒரு பக்கம் ஈ.சி.ஆர். சாலை, அதற்கும் அப்பால் குப்பம், மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள். மறுபக்கம் ஓ.எம்.ஆர். சாலை, மென்பொருள் கம்பெனிகள். ஓ.எம்.ஆர். பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு எச்சரிக்கைச் செயலிக்கு நிரல் எழுதுகிறாள், குப்பத்துப் படகுக்காரரின் போனில் அது ஒலிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர். சேதியோ ஏதோ ஒரு நாட்டின் டேட்டா சென்டரைச் சுற்றிக்கொண்டுதான் வரும்.

அவள் எழுதும் நிரல் நாலு வரிகூட இருக்காது: யாருக்கு, என்ன தலைப்பு, என்ன சேதி, அனுப்பு. மற்றதை 'கிளையன்ட் லைப்ரரி' பார்த்துக்கொள்ளும். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் செய்வதைத்தான் அது செய்கிறது. எந்தப் படிவம், எந்த முத்திரை, எந்த ஜன்னல், 'நாளைக்கு வா' என்றால் எப்போது திரும்பப் போவது எல்லாம் அவருக்கு அத்துப்படி; நமக்குக் கையெழுத்துப் போடும் வேலை மட்டும்தான்.

அந்த ஜன்னல்தான் வெப் ஏபிஐ. ஆண்ட்ராய்டு போன்களுக்குப் பெரும்பாலும் கூகுளின் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங், ஐபோனுக்கு ஆப்பிள் 2009-இல் தொடங்கிய சேவை. ஃபயர்பேஸ் ஜன்னலில் முதல் கேள்வி, நீ யார்? லைப்ரரி ஒரு ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட சின்னச் சான்றைக் காட்டும்; பதிலுக்கு ஒரு மணி நேரம் செல்லும் அனுமதிச் சீட்டு கிடைக்கும். மணி ஆவதற்குள் புதுச் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும். சாவியை நிரலோடு சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டு ஊரையே உள்ளே விடுகிறவர்களும் உண்டு. எந்த லைப்ரரியும் அதற்குப் பொறுப்பாகாது.

அடுத்தது அளவு. ஒரு சேதி 4,096 பைட்டுக்குள் இருக்க வேண்டும். 'கொட்டிவாக்கம்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 7 எழுத்து. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி, புள்ளி, இகரக் கொக்கி எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்திருப்பதால் கணினிக்கு அது 13 குறியீடு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, ஆக 39. ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட்டில் முடிந்திருக்கும். 4,096-இல் இது பெரிய நஷ்டமில்லை. குறுஞ்செய்தியில் கடிக்கும். ஆங்கிலத்துக்கு 160 எழுத்து தரும் ஒரு எஸ்.எம்.எஸ்., தமிழுக்கு 70 குறியீடுதான் தருகிறது. அதில் ஊர்ப் பெயரே 13-ஐ விழுங்கிவிடும்.

சரி, பாக்கெட்டில் தூங்கும் போனை எப்படி எழுப்புவது? ஒவ்வொரு செயலியும் 'எனக்கு ஏதாவது வந்ததா' என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் போன் ஒரே ஒரு இணைப்பை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. வங்கி, வாட்ஸப், கடல் எச்சரிக்கை எல்லாம் அந்த ஒற்றை இழை வழியாகத்தான் வரும். எப்போதாவது ஒரு சின்னத் துடிப்பை அனுப்பி இழை அறுபடாமல் பார்த்துக்கொள்கிறது போன். மற்ற நேரத்தில் ஓசையே இல்லை. இத்தனை செயலிகளை ஒற்றை இழையில் தொங்கவிட்டிருப்பதைத்தான் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய சாமர்த்தியம் என்பேன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, லைப்ரரி காத்திருக்கும் விதம். சர்வர் திணறும்போது 429 என்ற எண்ணைத் திருப்பித் தரும்: ரொம்ப அடிக்கிறாய், பொறு. உடனே மறுபடி தட்டினால் திணறல் கூடும். ஆகவே 1 விநாடி, பிறகு 2, 4, 8, 16, 32 என்று இடைவெளி இரட்டிப்பாகும். ஆறு முயற்சிக்கு மொத்தம் 63 விநாடி. அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நொடியில் விரட்டப்பட்ட பத்தாயிரம் பேரும் இதே கணக்கைப் போட்டால், பத்தாயிரம் பேரும் ஒரே நொடியில் திரும்பி வந்து நிற்பார்கள். எனவே ஒவ்வொரு காத்திருப்பிலும் லைப்ரரி கொஞ்சம் பகடை உருட்டுகிறது. ஒருவர் 3.2 விநாடியில் வருவார், இன்னொருவர் 4.7-இல். கூட்டம் தானாகக் கலைந்துவிடும்.

இந்த யுக்தியும் கடல் நடுவே பிறந்ததுதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் தீவுகளிலுள்ள கணினிகளை ரேடியோ அலையால் இணைத்தார்கள். அதன் பெயர் அலோஹாநெட். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டும் குழம்பிப் பாழாகும். யார் முதலில் என்று பஞ்சாயத்து செய்ய ஆள் வைக்கவில்லை. பதில் வராவிட்டால் மனம்போன அளவு நேரம் காத்திருந்து மறுபடி பேசு என்பதே விதி. பின்னால் ராபர்ட் மெட்கால்ஃப் ஈத்தர்நெட்டை உருவாக்கியபோது இதை மெருகேற்றினார். மோத மோதக் காத்திருக்கும் எல்லை இரட்டிப்பாகும். 16 முறை மோதினால் அந்தச் சேதி கைவிடப்படும். ஓ.எம்.ஆர். பெண்ணின் நாலு வரிக்கு அடியில் ஓடுவது அரை நூற்றாண்டுப் பழைய இந்தத் தீவுப் பழக்கம்.

மறுமுயற்சியில் ஒரு வில்லங்கமும் உண்டு. சேதி போய்விட்டது, 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தது என்றால் லைப்ரரிக்கு அது தெரியாது, மறுபடி அனுப்பும். படகுக்காரரின் போன் இருமுறை அலறும். இரண்டாவது அலை என்று அவர் நினைத்தால்? இங்கே கைகொடுப்பது, பேரிடர் எச்சரிக்கைகளுக்கென்று வைத்திருக்கும் 'காமன் அலர்ட்டிங் புரோட்டோகால்' என்ற உலகப் பொது வடிவம். அதில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தனி அடையாள எண், நிஜமா ஒத்திகையா என்ற குறி, எப்போது காலாவதி என்ற நேரம் எல்லாம் உண்டு. அடையாள எண்ணை ஒப்பிட்டு, இரண்டாவது வந்ததைச் செயலி சத்தமில்லாமல் விழுங்கிவிடலாம்.

காலாவதியை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். ஃபயர்பேஸில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், அணைந்து கிடக்கும் போனுக்கான சேதியை 4 வாரம் வரை வைத்திருந்து தரும். ரிப்பேர் கடையிலிருந்து மூன்றாம் வாரம் திரும்பிய போன், ஓய்ந்துபோன புயலுக்குக் கடலுக்குப் போகாதே என்று கத்தும். இரண்டு முறை இப்படிக் கத்திய செயலியை யாரும் மூன்றாம் முறை நம்ப மாட்டார்கள். காலை 5.30-க்கு வந்த எச்சரிக்கை மாலை 5.30 வரை என்றால் ஆயுள் 43,200 விநாடி. அதை லைப்ரரி யூகிக்காது. எழுதுகிறவள்தான் எழுத வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தால் ஏபிஐ 200 என்று பதில் தரும். இதைப் பார்த்து 'போய்ச் சேர்ந்தது' என்று திரையில் பச்சை டிக் போடுகிற நிரல்கள் ஏராளம். 200-க்குப் பொருள், கவுன்ட்டரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பதுதான். போன் அணைந்திருக்கலாம், செயலியை நீக்கியிருக்கலாம், படகு டவர் எட்டாத தூரத்தில் இருக்கலாம்.

கடைசியில் சொன்னதுதான் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது நடந்தது. குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் சொன்ன எதுவும் அவர்களை எட்டவில்லை. டவர் உள்ள இடத்துக்கு இப்போது செல் பிராட்காஸ்ட் வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டுப் போன்கள் ஒத்திகைக்காக ஒருசேர அலறின. அதற்குச் செயலியும் வேண்டாம், முகவரிப் பட்டியலும் வேண்டாம். டவர் கூவினால் அதன் எல்லைக்குள் இருக்கும் போன்கள் கேட்கும். டவரே இல்லாத கடலுக்கு 2019-இல் 'ஜெமினி' கருவி வந்தது. செயற்கைக்கோள் சேதியை வாங்கி புளூடூத் வழியாகப் படகுக்காரரின் போனுக்குத் தரும். ஆனால் ஒருவழிப்பாதை.

ஆபத்திலிருக்கும் படகு கரையை அழைப்பதற்கு இஸ்ரோவின் கருவி 2010 முதலே உண்டு. பொத்தானை அழுத்தலாம், யாராவது கேட்டார்களா என்பது அழுத்தியவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வெளியான இரண்டாம் தலைமுறைக் கருவியில் அதைத் தெரிவிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். அழைப்பு கிடைத்துவிட்டது என்று கட்டுப்பாட்டு மையம் தெரிவிக்கும் பதில், நாவிக் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குத் திரும்பி வருகிறது.