ஆழி வளர்ப்பு

ஆழி வளர்ப்பு என்பது கடலோரப் பாறைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் ஆழி என்னும் இரட்டை ஓட்டு மெல்லுடலியைக் கயிறு, கழி, மிதவை ஆகியவற்றில் ஒட்டவைத்து உணவுக்காக வளர்க்கும் தொழிலாகும். தீவனமும் உரமும் தேவைப்படாத கடல்சார் வேளாண்மைகளுள் இதுவும் ஒன்று. இந்தியாவில் இதற்கான ஆராய்ச்சி 1970-களின் தொடக்கத்தில் தொடங்கியது. ஆனால் மக்கள் கையில் ஒரு தொழிலாக அது வேரூன்றுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆனது. இன்று குஞ்சுத் தட்டுப்பாடு, நீர் மாசு, நோய், அயல் இனங்களின் பரவல் ஆகியவை இத்தொழிலின் நீடிப்பை முடிவு செய்யும் காரணிகளாக உள்ளன.

பெயரும் இனங்களும்

தமிழ்நாட்டின் வடகடலோர மீனவர்கள் இவ்வுயிரியை ஆழி என்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சிப்பி எனப்படுகிறது. வட கேரளத்தில் கல்லுமக்காய் என்றும் கடுக்கா என்றும் வழங்கப்படுகிறது. ஏரி, குளங்களின் சேற்றில் புதைந்து வாழும் நன்னீர் மட்டி இதிலிருந்து வேறுபட்டது.

இந்தியாவில் வளர்ப்புக்கு உரியவை இரண்டு இனங்கள். பச்சை ஆழி (பெர்னா விரிடிஸ்) இரு கடற்கரைகளிலும் காணப்படுகிறது. பழுப்பு ஆழி தென்மேற்குக் கரையில், குறிப்பாகக் கொல்லத்திற்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட பாறைகளில் மிகுதியாக உள்ளது. இது முன்பு பெர்னா இண்டிகா எனத் தனி இனமாகக் கருதப்பட்டது. ஆப்பிரிக்கக் கரைகளில் வாழும் பெர்னா பெர்னாவும் இதுவும் ஒன்றே எனப் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின.

வாழ்க்கை முறை

ஆழியின் முட்டையும் விந்தும் நீரில் வெளியிடப்பட்டு அங்கேயே கருவுறுகின்றன. அதிலிருந்து தோன்றும் இளவுயிரி இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நீரில் மிதந்து திரிந்தபின் கெட்டியான ஒரு பரப்பில் குடியேறுகிறது. தன் காலிலிருந்து சுரக்கும் பட்டு போன்ற நார்களால் தன்னை அங்கே பிணைத்துக்கொள்கிறது. ஆழியைக் கயிற்றில் வளர்க்க முடிவதற்கு இந்த நார்களே காரணம். ஓரிடத்திலிருந்து பிரித்தெடுத்தாலும் ஆழி புதிய நார்களைச் சுரந்து வேறு பரப்பில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஆழி நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளையும் கரிமத் துகள்களையும் வடிகட்டி உண்கிறது. வளர்ந்த ஓர் ஆழி மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டும். தீவனச் செலவு இல்லாமல் போவதற்கு இப்பண்பே காரணம். நீரில் நச்சு இருந்தால் அது ஆழியின் உடலில் சேர்வதற்கும் இதே பண்புதான் வழி வகுக்கிறது.

பிற நாடுகளில்

பிரான்சில் கடலோரச் சேற்றில் மரக்கழிகளை நட்டு ஆழி வளர்க்கும் முறை 13-ஆம் நூற்றாண்டில் தோன்றியது என்பது மரபு. ஸ்பெயினின் கலீசியா பகுதியில் 1940-களில் தொடங்கிய மிதவை முறை இன்று 3,000-க்கும் மேற்பட்ட மிதவைகளைக் கொண்ட பெருந்தொழிலாக உள்ளது. நியூசிலாந்தில் மிதவைகளில் கட்டிய நீள்கயிறுகளில் பச்சை உதட்டு ஆழி வளர்க்கப்படுகிறது. அங்கு குஞ்சுகளில் பெரும்பகுதி, தொண்ணூறு மைல் கடற்கரையில் ஒதுங்கும் கடற்பாசிகளில் ஒட்டியபடி கிடைப்பவை. அந்த வரத்து ஆண்டுக்காண்டு மாறுவதால், குஞ்சு பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்யும் முயற்சியும் அந்நாட்டில் மேற்கொள்ளப்பட்டது.

இந்தியாவில் ஆராய்ச்சி

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டது. 1970-களில் இந்நிறுவனம் விழிஞ்ஞத்தில் பழுப்பு ஆழியையும், கோழிக்கோட்டிலும் சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்திலும் பச்சை ஆழியையும் வளர்த்துச் சோதித்தது. கடலில் மிதவைகளை நிறுத்தி, அவற்றிலிருந்து தொங்கவிட்ட கயிறுகளில் ஆழி நன்றாக வளர்ந்தது. இம்முறை உயிரியல் நோக்கில் வெற்றி பெற்றது.

ஆயினும் தொழில் பரவவில்லை. திறந்த கடலின் அலைகள் மிதவைகளையும் நங்கூரங்களையும் சேதப்படுத்தின. பருவமழைக் காலத்தில் பண்ணையைப் பாதுகாப்பது கடினமாக இருந்தது. சில வகை மீன்கள் கயிறுகளிலிருந்த குஞ்சுகளைத் தின்றன. மிதவை அமைக்கும் முதலீட்டைத் தாங்கும் நிலையில் சிறு மீனவர்கள் இல்லை.

கழிமுகத்துக்கு மாற்றம்

1990-களின் நடுவில் ஆராய்ச்சியாளர்கள் இத்தொழில்நுட்பத்தை அலை குறைந்த கழிமுகங்களுக்கும் உப்பங்கழிகளுக்கும் கொண்டுவந்தனர். காசர்கோடு மாவட்டத்தின் படன்னா, செறுவத்தூர் பகுதிகளில் 1996-97 காலத்தில் வணிக முறை வளர்ப்பு தொடங்கியது. ஆழம் குறைந்த நீரில் மூங்கில் அல்லது சவுக்குக் கழிகளை ஊன்றிப் பந்தல் போலக் கட்டினால் போதும் என்பதால் முதலீடு வெகுவாகக் குறைந்தது. வீட்டருகிலேயே பண்ணை அமைந்ததால் பெண்கள் குழுக்களாக இணைந்து இதில் ஈடுபட முடிந்தது. கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்களின் கீழ்க் கிடைத்த மானியமும் வங்கிக் கடனும் அவர்களுக்கு உதவின. பத்தாண்டுகளில், 2006-வாக்கில், வளர்ப்பு ஆழியின் உற்பத்தி ஆண்டுக்கு 10,000 டன் என்ற அளவை எட்டியது. ஆழியின் உயிரியல் பற்றிய அறிவு முன்பே கையில் இருந்தது. இடத் தேர்வும், செலவுக் குறைப்பும், கடன் வசதியும் சேர்ந்தபோதே அது தொழிலாக மாறியது.

வளர்ப்பு முறை

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆழிகள் இனப்பெருக்கம் செய்கின்றன. மழைக்குப்பின் கடலோரப் பாறைகளில் குஞ்சுகள் தோன்றும். சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகளைச் சேகரித்து, நவம்பர், டிசம்பர் மாதங்களில் கயிற்றில் ஏற்றுவர்.

ஒரு மீட்டர் கயிற்றுக்கு 500 முதல் 750 கிராம் குஞ்சுகள் தேவை. கயிற்றைச் சுற்றிக் குஞ்சுகளைப் பரப்பி, பருத்திக் கொசுவலைத் துணியால் மூடித் தைப்பர். சில நாட்களில் துணி நீரில் மக்கிவிடும். அதற்குள் குஞ்சுகள் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். இக்கயிறுகள் தரையைத் தொடாதவாறு பந்தலில் தொங்கவிடப்படுகின்றன. தரையைத் தொட்டால் நண்டு போன்றவை ஆழியைத் தின்றுவிடும்.

பச்சை ஆழி நன்கு வளர, ஆயிரம் பங்கு நீரில் சுமார் 27 முதல் 35 பங்கு உப்பு இருக்க வேண்டும். இந்த நிலை உப்பங்கழியில் கோடைக்காலத்தில் மட்டுமே நீடிக்கிறது. ஐந்து அல்லது ஆறு மாதங்களில் ஆழி 75 முதல் 80 மில்லிமீட்டர் வரை வளரும். ஒரு மீட்டர் கயிற்றில் 10 முதல் 12 கிலோ வரை விளைச்சல் கிடைக்கும். ஜூன் மாத மழையில் நன்னீர் பெருகி உப்பு குறைந்தால் ஆழிகள் மடிந்துவிடும் என்பதால், மே மாத இறுதிக்குள் அறுவடையை முடித்தாக வேண்டும். எல்லாப் பண்ணைகளும் ஒரே சமயத்தில் அறுவடை செய்வதால் விலை சரிவதும் உண்டு. வேகவைத்து எடுத்த இறைச்சியைக் குளிரூட்டிச் சேமிப்பதும் மதிப்புக்கூட்டுவதும் இச்சரிவைக் குறைக்கும் வழிகளாகும். பச்சை ஆழியிலிருந்து மூட்டுவலிக்கான உணவுத் துணைப்பொருள் ஒன்றையும் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது.

உணவுப் பாதுகாப்பு

அறுவடை செய்த ஆழிகளைத் தூய்மையாக்கிய கடல்நீரில் ஏறத்தாழ 24 மணி நேரம் வைத்தால், குடலிலுள்ள மணலும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதியும் வெளியேறும். ஆனால் சில நுண்பாசிகள் உண்டாக்கும் நச்சு இவ்வாறு எளிதில் நீங்குவதில்லை. சமைத்தாலும் அது அழியாது. 1981-ல் தமிழ்நாட்டில் நச்சேறிய மட்டியை உண்டவர்களில் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். 1997-ல் விழிஞ்ஞம் பகுதியில் ஆழி உண்டதால் ஏழு பேர் உயிரிழந்தனர், ஏறத்தாழ 500 பேர் சிகிச்சை பெற்றனர். வளர்ப்பு நீரில் உள்ள நுண்பாசிகளை இடைவிடாது கண்காணித்து, நச்சுப் பாசி பெருகும் காலத்தில் அறுவடையை நிறுத்துவதே இதற்கான பாதுகாப்பு.

கன உலோகங்களும் ஆழியின் உடலில் சேர்கின்றன. இதனால் கடல் மாசை அளக்கும் அறிகுறி உயிரியாகவும் உலகின் பல நாடுகளில் ஆழி பயன்படுத்தப்படுகிறது. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீர் ஆழி வளர்ப்புக்கு ஏற்றதன்று.

தமிழ்நாட்டின் நிலை

குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில் பாறைகளிலிருந்து சிப்பியை மூழ்கி எடுப்பது பழைய தொழில். வளர்ப்புத் தொழிலோ கேரளத்தைப் போல இங்கு வளரவில்லை. கிழக்குக் கரையில் அலையற்ற ஆழமான கழிமுகங்கள் குறைவு. பல முகத்துவாரங்கள் மணல் மேவி மூடிக்கொள்கின்றன. இங்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது என்பதால் கேரளத்தின் பயிர்க்கால அட்டவணையை அப்படியே பின்பற்ற முடியாது.

எண்ணூர்க் கழிமுகம் வேறொரு எச்சரிக்கையைத் தருகிறது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட ஓர் ஆழி இனம் அங்கு அடிமண்ணைப் பாய் போல மூடிப் பரவியுள்ளது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கின்றனர். இறாலும் மஞ்சள் மட்டியும் வாழ்ந்த இடங்களை அது பிடித்துக்கொண்டதால் அவர்களின் வருவாய் குறைந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை இப்பிரச்சினை சென்றது. கேரள உப்பங்கழிகளிலும் இதே இனம் பரவிப் பச்சை ஆழியுடன் போட்டியிடுகிறது. மறுபுறம், ஆசியாவின் பச்சை ஆழி 1990-களில் கரீபியன் பகுதியிலும் புளோரிடாவிலும் அயல் இனமாகப் பரவியது. எந்த இனத்தையும் அது இயல்பாக வாழாத நீருக்குக் கொண்டுசெல்வது எவ்வளவு இடருடையது என்பதை இவை காட்டுகின்றன.

நீடித்த வளர்ப்புக்கான தேவைகள்

பண்ணைகள் பெருகும்போது இயற்கைப் பாறைகளிலிருந்து எடுக்கப்படும் குஞ்சுகளின் தேவையும் பெருகுகிறது. அதே பாறைகளை நம்பி வாழும் ஆழி சேகரிப்போருக்கும் பண்ணையாளருக்கும் இடையே இது பூசலை உண்டாக்குகிறது. குஞ்சு வரத்து குறைந்த ஆண்டுகளில் உற்பத்தியும் வீழ்கிறது. பொரிப்பகத்தில் நுண்பாசி ஊட்டிக் குஞ்சு உற்பத்தி செய்யும் தொழில்நுட்பம் இந்தியாவில் உருவாக்கப்பட்டுள்ளது. அதன் செலவைக் குறைத்துப் பண்ணையாளருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தருவது அடுத்த பணியாகும்.

ஒரு நீர்நிலை தாங்கக்கூடிய பண்ணைகளுக்கும் எல்லை உண்டு. கயிறுகள் நெருக்கமானால் உணவு போதாமல் வளர்ச்சி குன்றும். ஆழிகளின் கழிவு தரையில் படிந்து உயிர்வளியைக் குறைக்கும். நெருக்கம் நோய் பரவவும் இடம் தரும். பெர்கின்சஸ் வகை ஒட்டுண்ணிகள் இந்திய மெல்லுடலிகளில் ஏற்கெனவே பதிவாகியுள்ளன. எனவே ஒவ்வொரு கழிமுகத்தின் தாங்குதிறனையும் அளந்து பண்ணைகளின் எண்ணிக்கையை வரையறுப்பது அவசியம். உப்பங்கழி பொதுச் சொத்து என்பதால், யார் எவ்விடத்தில் எத்தனை ஆண்டுகள் வளர்க்கலாம் என்ற குத்தகை உரிமையும் தெளிவாக இருக்க வேண்டும். அத்தகைய உரிமை இருந்தால்தான் சிறு குழுக்களுக்குக் கடனும் காப்பீடும் கிடைப்பது எளிதாகும்.