காலராக் கிருமியின் இனமும் இயல்பும்

2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது; சிலருக்குக் காலரா உறுதியாயிற்று. அதை விளைவிப்பது விப்ரியோ பேரினத்தைச் சேர்ந்த விப்ரியோ காலரே. காற்புள்ளிபோல் வளைந்த உடல், ஒரு முனையில் ஒற்றைக் கசையிழை, கிராம் சாயமேற்றலில் எதிர்வகை ஆகியவை இதன் அடையாளங்கள். காரநீரில் செழிக்கும், அமிலத்தில் மடியும்.

உடலுறைச் சர்க்கரையின் அமைப்பைக் கொண்டு இவ்வினத்தை 200-க்கும் மேற்பட்ட பிரிவுகளாக வகுத்துள்ளனர். கொள்ளைநோய் பரப்புவன ஓ-1, ஓ-139 ஆகிய இரண்டே. பின்னது 1992-இல் சென்னையில் தலைகாட்டியது. இவற்றின் நச்சு, உடலின் நீரையும் உப்பையும் குடலுக்குள் கொட்டச் செய்யும். உப்பு-சர்க்கரைக் கரைசலை உடனே கொடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர்.

இக்கிருமி கழிமுக உவர்நீரில் இயல்பாகவே வாழ்வது. கோட்டுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் அதை அறவே ஒழிக்க இயலாது. குடிநீரில் கழிவு கலவாமல் காப்பதும், காய்ச்சிப் பருகுவதுமே நம் கையில் உள்ளன.