அடைப்புக்குறிக்குள் ஒரு எண்

சென்ற வாரம் பார்த்தது குதிரை முதுகில் ஏறும் எடை: ஜாக்கி, சேணம், ஈயத் தகடு எல்லாம் சேர்ந்த கணக்கு. இந்த வாரம் குதிரையின் சொந்த எடை. இதைப் பேச ஜப்பானைவிடத் தோதான இடம் கிடையாது. பந்தயத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு, ஓடப்போகும் குதிரைகள் அத்தனையின் எடையையும் அங்கே அறிவித்துவிடுகிறார்கள். 482 (+12) என்று பலகையில் வந்தால், போன பந்தயத்தைவிட 12 கிலோ கூடியிருக்கிறது என்று பொருள்.

கனத்த குதிரை மெதுவாக ஓடும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. குறுகிய தூரத்திலும், மணல் தடத்திலும் பெரிய உடம்புக்குத்தான் செல்வாக்கு. அமெரிக்காவில் பிறந்த ஹிஷி அகெபோனோ, 1995 ஸ்பிரிண்டர்ஸ் ஸ்டேக்ஸை 560 கிலோவோடு ஜெயித்தது. ஹவாயிலிருந்து வந்த சுமோ மல்லர் அகெபோனோவின் பெயரை வைத்தது பொருத்தம்தான்!

மறுமுனையில் மெலடி லேன். 2019-ல் ஹன்ஷின் மைதானத்தில் இந்தப் பெண்குதிரை ஜெயித்தபோது எடை 338 கிலோ. ஜப்பானின் மத்தியப் பந்தயங்களில் இவ்வளவு லேசான குதிரை அதற்கு முன் ஜெயித்ததில்லை. அதே ஆண்டு 3,000 மீட்டர் கிகுகா ஷோவில் ஆண் குதிரைகளோடு ஓடி ஐந்தாவதாக வந்தது. அன்று அது சுமந்தது 55 கிலோ. தன் உடம்பில் 16 சதவீதம். 560 கிலோ குதிரைக்கு அதே சுமை 10 சதவீதம்கூட இல்லை. ஆனால் நெடுந்தூரத்தில் சதையும் ஒரு சுமைதானே. மும்முடி வென்ற டீப் இம்பாக்ட்கூட 440 கிலோவை ஒட்டிய சிறிய உடம்புதான்.

ஆகவே ஒரு குதிரையின் எடையை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. அதன் பழைய எடையோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் வயதைப் பார்க்காமல் பேசக் கூடாது. மூன்று வயதுக் குதிரை ஓய்வுக்குப் பிறகு 16 கிலோ கூடி வந்தால் அது வளர்ச்சியாக இருக்கலாம். ஆறு வயதுக் குதிரையிடம் அதே 16 கிலோ, பயிற்சி போதாத கொழுப்பாக இருக்கலாம். எடை இறங்கினால் கொஞ்சம் கவலைப்படலாம் என்பது என் கட்சி. நீண்ட வண்டிப் பயணத்தில் சில குதிரைகள் தீனியைத் தொடாது, தண்ணீரும் சரியாகக் குடிக்காது. பயிற்சியாளரே வேண்டுமென்று இறக்கியிருந்தால் கதை வேறு.

இரண்டு, நான்கு கிலோவுக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஜப்பானில் எடையை இரண்டிரண்டு கிலோவாகத்தான் குறிக்கிறார்கள். ஒற்றைப்படை எண்ணே வராது. ஒரு வாளி தண்ணீரும் ஒரு தடவை போட்ட சாணமும் போதும், அந்த வித்தியாசத்துக்கு.

பணம் கட்டுபவருக்கு இதில் என்ன லாபம்? எண் எல்லோர் கண்ணிலும் ஒரே நேரத்தில் படுகிறது. −14 என்று வந்த குதிரையைக் கூட்டம் கைவிட்டால், அடுத்த சில நிமிடங்களிலேயே அதன் விலை, அதாவது ஜெயித்தால் கிடைக்கும் தொகை, ஏறிவிடும். ஒவ்வொரு வகைப் பந்தயத்திலும் கட்டிய பணம் முழுவதும் தனித்தனிக் குவியலாகச் சேர்ந்து, வின் பந்தயத்தில் 20 சதவீதமும், முதல் மூன்று இடங்களை வரிசை மாறாமல் சொல்லும் பந்தயத்தில் 27.5 சதவீதமும் கழிந்த பிறகே ஜெயித்தவர்களுக்குப் பங்கு. பலகையைப் படித்தவர்கள் எல்லோரும் அந்த மீதியைத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். எண்ணைப் பார்த்த கையோடு, பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்குக்குப் போய், குதிரையின் வயிறு ஒட்டியிருக்கிறதா, பின்தொடை திரண்டிருக்கிறதா, வியர்த்து நுரைக்கிறதா என்று பார்ப்பவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு. பேடாக்கில் எதைப் பார்ப்பது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)