பெயரில் ஒளிந்திருக்கும் பூஜ்யம்

பெங்களூரு என்று கன்னடத்தில் எழுதினால் முதல் எழுத்தை அடுத்து ஒரு சின்ன வட்டம் வரும். தமிழில் 'ங்' வரும் இடம் அது. பெயர் அனுஸ்வாரம். கன்னட எண்களில் பூஜ்யமும் ஏறக்குறைய அதே வட்டம்தான். பெயர்ப் பலகை தீட்டுபவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கம்ப்யூட்டரிடம் கதை வேறு. அதற்குக் கண் கிடையாது. எண் மட்டுமே தெரியும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோட் ஏற்பாட்டில் அனுஸ்வாரத்தின் எண் 3202. கன்னடப் பூஜ்யத்தின் எண் 3302. அனுஸ்வாரத்துக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டினாலும் திரையிலும் காகிதத்திலும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நகரின் பெயரைக் கொடுத்துத் தேடினால் அந்த ஆவணம் மட்டும் அகப்படாது. இப்படிப் பதிவானது பென்ஷன் பட்டியலில் உள்ள ஒரு பெயர் என்றால், 'அப்படி யாரும் இல்லையே' என்ற பதில்தான் கவுன்டரில் கிடைக்கும்.

மாநிலத்தின் பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. கர்நாடகாவின் 'ர்' கன்னடத்தில் அர்க்காவத்து என்ற கொக்கியாக மாறி, 'நா'வுக்குப் பின்னால் போய் உட்காரும். உச்சரிப்பில் முன்னே, எழுத்தில் பின்னே. 1991இல் வந்த யூனிகோட், இந்தியாவின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி, உச்சரிப்பு வரிசையையே எடுத்துக்கொண்டது. கொக்கிக்கென்று தனி எண் இல்லை; அதை இடம் மாற்றி வரைவது எழுத்துருவின் வேலை.

கன்னட கணக பரிஷத்தின் நுடி, சேஷாத்ரி வாசுவின் பரஹா ஆகியவற்றின் பழைய எழுத்துருக்கள் வேறு வழியில் போயின. கண்ணுக்குத் தெரியும் துண்டுகளுக்கு அவை எண் கொடுத்தன. கொக்கியும் ஒரு துண்டு. அரசு அலுவலகங்களில் நுடியில் தட்டிய கோப்புகள் குவிந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒவ்வொரு கொக்கியையும் பிடித்து இழுத்து மெய்யெழுத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். தவறினால் கர்நாடகா 'கநார்டகா' ஆகிவிடும்.

எண் கொடுக்க வேண்டியது எழுத்துக்கா, துண்டுக்கா? இந்தக் கேள்வி சீனத்தில் பிரம்மாண்டமாக எழுந்தது. 1716இல் வெளிவந்த காங்ஷி அகராதி, சீன எழுத்துகளை 214 அடிப்படைக் குறிகளின் கீழ் பிரித்தது. ஆறு, கடல், கண்ணீர் எல்லாம் நீர்க் குறியின் குடும்பம். இந்தக் குறிகளில் பல, தாமே முழு எழுத்துகளும்கூட. அவற்றுக்கு ஏற்கனவே எண் இருந்தும், 1999இல் யூனிகோட் 214 குறிகளுக்கும் தனி எண் கொடுத்தது. விளைவு, 'ஒன்று' என்பதைக் குறிக்கும் ஒற்றைக் கோடு, எழுத்தாக இருந்தால் 19968, குறியாக இருந்தால் 12032. ஜப்பானிலும் இதே எழுத்துகள் புழங்குவதால், பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுக்கும் வரிகளில் குறிகள் திருட்டுத்தனமாக நுழைந்து தேடலைக் கெடுப்பதுண்டு. நல்லவேளை, எந்தக் குறி எந்த எழுத்துக்குச் சமம் என்ற அட்டவணை யூனிகோடிலேயே இருக்கிறது. மென்பொருள் மனசு வைத்தால் போதும்.

தமிழுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 'ஔ'வின் வால் 'ள' போலத் தோன்றினாலும் அது 'ள' அல்ல. வாலின் எண் 3031, 'ள'வின் எண் 2995. ஒ-வும் அந்த வாலும் சேர்ந்தால் ஔ என்பது யூனிகோடுக்குத் தெரியும். ஆனால் ஒ, ள என்று தட்டினால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஔவையார் வேறு, ஒளவையார் வேறு. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா? 'கெளரவ'த்தைத் திருத்தப் போகிற அதே கட்டளை கெளுத்தி மீனையும் குதறிவிடும். அங்கே இருப்பது அசல் 'ள'. அடுத்து என்ன வருகிறது என்று பார்த்துத்தான் கைவைக்க வேண்டும்.

பழைய தமிழ் எண்ணான ஒன்றும் 'க'வும் பார்வைக்கு ஒன்றே. அதைத் தட்டுபவர்கள் சொற்பம் என்பதால் தொல்லை குறைவு. ஸ்ரீயின் கதைதான் விசேஷம். 2005இல் 'ஶ' யூனிகோடில் சேர்ந்த பிறகு, ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ, ஶ-வில் தொடங்கும் ஶ்ரீ என்று இரண்டு வந்துவிட்டன. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே முகம். ஒரே ஸ்ரீனிவாசன் ரேஷன் பட்டியலில் ஒருவராகவும் பாங்க் கணக்கில் இன்னொருவராகவும் இருக்க இது போதும்.