முன்னோர் உறங்கும் மண்ணே சாட்சி

நம் மஹல்லாவின் கபரஸ்தான் யாருக்குச் சொந்தம்? அதை விற்க எவருக்கும் உரிமையில்லை. அதில் அடக்கம் பெற ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு. மறைந்தோருக்கும் இருப்போருக்கும் இனி வருவோருக்கும் அது பொதுவானது. உரிமை என்பது தனிமனிதனுக்கே உண்டு, சமூக உரிமை வெறும் பேச்சு என வாதிடுவோர் இந்தச் சிறு நிலத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

இதே வினா நம் திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடி மலைகளிலும் எழுகிறது. உடுமலைக்குத் தெற்கே, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தினுள் தளிஞ்சி, குழிப்பட்டி, குருமலை முதலிய குடியிருப்புகளில் முதுவர், புலையர் முதலிய மலைவாழ் மக்கள் வாழ்கின்றனர். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவிக்க அரசுக்கு அதிகாரமளித்தது. தேன் எடுப்பதும் கால்நடை மேய்ப்பதும் உரிமை என்ற நிலையிலிருந்து சலுகை என்ற நிலைக்குத் தாழ்ந்தன.

இந்த அநீதியைக் களையவே 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு நான்கு ஹெக்டேர் வரை நில உரிமை. மணமானவராயின் கணவன், மனைவி இருவர் பெயரிலும் அது பதிவாக வேண்டும். ஆனால் வீடும் கொல்லையும் மட்டும் கிடைத்து, காட்டுக்குச் செல்லும் வழி அடைபட்டால் அவர்கள் எதைக் கொண்டு பிழைப்பர்? ஆகவேதான் சிறு வனப்பொருள் சேகரித்தல், மேய்ச்சல், காட்டைப் பேணுதல் ஆகியவற்றை ஊர் முழுமைக்கும் உரிய உரிமைகளாகவும் அச்சட்டம் ஏற்றது.

எனினும் தமிழகத்தில், 2008-இல் பிறந்த உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டா வழங்கல் முடங்கியது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. புலையர்களுக்கோ இன்னொரு சுமை. பழங்குடிப் பட்டியலில் தங்களைச் சேர்க்க அவர்கள் கோரி வருகின்றனர். பட்டியல் சாதியாகவே கருதப்படுவதால், 13.12.2005-க்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு வாழ்வை மெய்ப்பிக்க வேண்டும். காட்டில் வாழ்ந்தோர் காகிதத்துக்கு எங்கே போவர்? நல்லவேளையாக, முதியோர் வாக்குமூலமும் பழங்கிணறுகளும் முன்னோரின் அடக்கத்தலங்களும் சாட்சியாகும் என்கின்றன விதிகள். இறந்தோரே வாழ்வோருக்காகச் சாட்சி சொல்கின்றனர்!

இந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடுமா? ஒடிசாவின் நியாம்கிரி மலை விடை கூறுகிறது. அங்கே பாக்சைட் சுரங்கம் அமைக்கும் திட்டத்தில், டோங்ரியா கோந்த் மக்களின் உரிமைகளைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என 18.4.2013 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகளும் திட்டத்தை மறுத்தன. 2014-இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. தனித்தனியே நின்றிருந்தால் அவர்களின் குரல் மலையடிவாரத்தைக்கூட எட்டியிராது.

சமூகத்தின் பெயரால் எளியோர் நசுக்கப்படக் கூடாதே என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் இவ்வுரிமைகளைத் தீர்மானிக்கும் கிராம சபைக் கூட்டத்தில் உறுப்பினரில் பாதிப்பேராவது இருக்க வேண்டும், வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என விதித்தனர். எளியோரையும் அமர்த்திக் கேட்கும் சபையே சமூகம் எனும் பெயருக்குத் தகுதியுடையது.

நம் கபரஸ்தானில் ஒரு சாண் ஆக்கிரமிக்கப்பட்டாலும் துடிக்கிறோம். அந்தத் துடிப்பு மலைமேல் வாழ்வோருக்கும் உண்டன்றோ? அடுத்த முறை திருமூர்த்திமலைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்கையில் அருவியை மட்டும் காட்டாதீர்கள். அந்த மலைகளுக்கும் உரியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.