பட்டியலில் விடுபடும் பெயர்கள்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2006இல் சம்பூரிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல பட்டியல்களில் பதியப்பட்டுள்ளன. ஊரிலே ஒரு பதிவு, முகாமிலே ஒரு பதிவு, கொழும்புக்கு வந்து வெள்ளவத்தை, களுபோவிலப் பக்கம் தங்கியோருக்கு மற்றொரு பதிவு. காணி, வீட்டுத்திட்டம் என்று வரும்போது இப்பட்டியல்களை ஒப்பிட வேண்டும். பெயர் விடுபட்டால் உரிமை கைநழுவும். இருமுறை வந்தால் சந்தேகம் எழும்.

ஆயிரக்கணக்கான பெயர்களைக் கண்ணால் ஒப்பிடுவது கடினம். எக்செல் போன்ற கணினி விரிதாள் இதற்கு உதவும். ஆனால் பெயரைக் கொண்டு ஒப்பிடக் கூடாது. 'க. கந்தையா' என்பவரும் 'கணபதி கந்தையா' என்பவரும் கணினிக்கு இரு ஆட்களே. அடையாள அட்டை இலக்கமே நம்பத்தக்கது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்க வேண்டும். 'லெஃப்ட்' என்னும் சூத்திரம் முதல் ஐந்தையும், 'மிட்' அடுத்த நான்கையும் எடுத்துத் தரும். முதல் நிரையில் எழுதிக் கீழே இழுத்தால் எல்லோருக்கும் மாறிவிடும்.

அடுத்தது 'கவுண்ட்இஃப்'. ஓர் இலக்கம் மற்றப் பட்டியலில் எத்தனை தடவை உள்ளது என்று இது எண்ணும். 0 என்றால் விடுபட்டவர். 2 என்றால் இருமுறை வந்தவர். 10,000 பேரை 10,000 பேரோடு ஒப்பிட்டால் பத்துக் கோடி ஒப்பீடுகள்; கணினி திணறும். இருமுறை வந்தோரை மட்டும் அறிய, இலக்கங்களை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் மேலுள்ளதோடு ஒப்பிட்டாலே போதும்.

ஆயினும் கணினியை முற்றாக நம்பியிருக்கலாகாது. 2020இல் இங்கிலாந்தில் கொரோனாத் தொற்றாளர் 15,841 பேரின் விபரங்கள் உரிய காலத்தில் கணக்கில் சேரவில்லை. பழைய வகை எக்செல் கோப்பு 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாததே காரணம். ஆகவே கடதாசியில் எத்தனை பேர், கணினியில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுவோம்.

பதிவுக்குச் செல்லும்போது பழைய, புதிய இலக்கங்கள் இரண்டையும் கொடுங்கள். காணிக்காரர் இறந்திருந்தால் அவருடைய பழைய இலக்கத்தையும் எழுதிவையுங்கள். நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை மேய்ப்பன் அறிந்தது, அவன் எண்ணிப் பார்த்ததால் அல்லவா?